கசியும் இடத்தைக் காட்டாமல் என்ஜினை இறக்கச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை

ஆயில் கசிவும் புதிதாக ஒரு சத்தமும் சேர்ந்து வரும் மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறக்காத, அதாவது பிரிக்காத, என்ஜினை இறக்கியதாகச் சொல்லி, போடாத பிஸ்டனுக்கும் செய்யாத ரீபோருக்கும் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கும் வேலை) என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு, வண்டியை முன்பைவிட மோசமான நிலையில் திருப்பிக் கொடுத்தார்கள். பட்டறையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர்கள் பேசிய விதம், கொடுத்த காரணங்கள், மறைத்த முறை ஆகியவற்றை ஒன்றுவிடாமல் சொல்கிறேன், ஏனென்றால் அதே வார்த்தைகளை நீங்கள் வேறொரு வாசலிலும் கேட்கக்கூடும்.

என்னுடையது காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் வண்டி. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட்டிலேயே இருக்கும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். சிலிண்டரின் ஒரு பக்கத்துக் குளிர்விக்கும் தகடுகளில் எண்ணெய் ஈரம் படர்ந்து, அதில் தூசி ஒட்டி, கீழே, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் இருக்கும் கிராங்க்கேஸ் வரை கறுப்பாக இறங்கியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் கூடும். என்ஜின் நன்றாகச் சூடானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். புகை இல்லை, இழுவை குறையவில்லை, மைலேஜும் பழையபடியே இருந்தது. இவை அனைத்தையும் வண்டியை விடும்போதே சொன்னேன்.

பட்டறைப் பொறுப்பாளர் வண்டியை ஸ்டார்ட் செய்து, இரண்டு முறை ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டு, அணைத்தார். "சார், பிஸ்டன் தட்டுது. போர் போயிடுச்சு. பேஸ் கேஸ்கட்ல ஆயில் வருது. இப்பவே இறக்கிட்டா ஒரே செலவோட முடியும், விட்டா கிராங்கும் சேர்ந்து போயிடும்" என்றார். போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்குழி; பேஸ் கேஸ்கட் என்பது சிலிண்டரின் அடியில் கசிவைத் தடுக்கும் அடைப்பு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை எடுக்கவில்லை. என்ஜினைத் துடைக்கக்கூட இல்லை. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சத்தத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும், இத்தனை வருட அனுபவம் என்ற பதில்தான் வந்தது.

அவர் சொன்னதில் நம்பத் தகுந்த பாதி ஒன்று இருந்தது என்பதுதான் இத்தகைய ஏமாற்றின் பலம். தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் தட்டும் சத்தம் உண்மையிலேயே என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகமாகவும், பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளியை நிரப்பியபின் குறைவாகவும் கேட்கும். ஆனால் சைலன்சரின் பெண்ட் பைப் ஹெட்டோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கட் பழுதானாலும் இதேபோலத்தான் நடக்கும்: குளிர்ந்த நிலையில் இடுக்கு வழியாகப் புகை வெடிப்புடன் வெளியேறி 'டிக் டிக்' என்று அடிக்கும், உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்ததும் நின்றுவிடும். ஒன்றுக்கு என்ஜினைப் பிரிக்க வேண்டும், மற்றொன்றுக்கு இரண்டு நட்டுகளைக் கழற்றி ஒரு வளையத்தை மாற்றினால் போதும். இந்த இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் நாம் மெக்கானிக்கிடம் போகிறோம்.

வண்டி திரும்பி வந்தபோது என்ஜின் வெளிப்பக்கம் பளபளவென்று கழுவப்பட்டிருந்தது. பில்லில் பிஸ்டன் செட், ரீபோர், கேஸ்கட் செட், லேத் கூலி, ஆயில் என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். பழைய பிஸ்டனைக் கேட்டேன்; லேத்திலேயே போட்டுவிட்டோம் என்றார்கள். சத்தம் குறைந்திருந்ததே தவிர நிற்கவில்லை. அதைச் சொன்னதும், "புது பிஸ்டன் சார், ரன்னிங் இன் முடியற வரைக்கும் கொஞ்சம் இருக்கும், மெதுவா ஓட்டுங்க" என்றார் பொறுப்பாளர். இந்தக் காரணத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பிஸ்டனையும் ரிங்குகளையும் தொடக்கத்தில் நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சரியான இடைவெளியோடு பொருத்திய புதிய பிஸ்டன் பழைய சத்தத்தை அப்படியே எழுப்பிக்கொண்டிருக்காது. ரன்னிங் இன் என்ற பெயரில் வாடிக்கையாளரைச் சில வாரங்கள் காக்கவைத்தால், அதற்குள் புகாரின் சூடு ஆறிவிடும் என்ற கணக்கைத் தவிர அதில் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு புதிதாக ஒரு கோளாறு முளைத்தது. வண்டி நன்றாகச் சூடானபின் சிக்னலில் நின்றால் ஐடிலில் நிற்காமல் அணைந்துபோகத் தொடங்கியது. சூடாக இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் செய்வதும் கடினமாயிற்று. கழுவித் துடைத்த தகடுகளில் ஆயில் ஈரமும் மீண்டும் தெரிய ஆரம்பித்தது. அதன்பின் வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதில் மூத்தவர், தனியாகச் சிறிய பட்டறை நடத்துபவர். அவர் வேலை செய்த முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயறிதல் என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

முதலில் என்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, காற்றடித்து ஈரமில்லாமல் உலர்த்தினார். கசிவு இருக்கக்கூடிய பக்கம் முழுவதும், தகடுகளின் இடுக்குகள் உட்பட, முகத்துக்குப் போடும் சாதாரணப் பவுடரைத் தூவினார். வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து ஓடவிட்டு, பிறகு ஒரு சிறு சுற்று ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்ததும் டார்ச்சை அடித்துக் காட்டினார். வெள்ளைப் பவுடரின் நடுவே, மேலே, வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட்டின் மூடி விளிம்பிலிருந்து கிளம்பி, ஹெட்டின் மீது வழிந்து, ஒவ்வொரு தகடாகத் தாண்டிச் சிலிண்டரின் அடிப்பகுதி வரை வந்த ஒரு மெல்லிய பழுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பேஸ் கேஸ்கட்டின் ஓரத்தில் பவுடர் உலர்ந்த வெள்ளையாகவே இருந்தது. மேலிருந்து வந்த கோடு தொட்ட இடத்தில் மட்டும் ஈரம்.

ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரம் அதிகமாகத் தேங்கி நிற்கும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஈரம் தெரியும் பகுதியில் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கும் புள்ளியைத்தான் தேட வேண்டும். அழுக்குப் படிந்த என்ஜினில் அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க எந்த அனுபவசாலியாலும் முடியாது. கழுவாத என்ஜினைப் பார்த்து இன்ன கேஸ்கட் போய்விட்டது என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னால், அவர் ஊகிக்கிறார் அல்லது விற்கிறார்.

அடுத்து அந்த மூடியின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். சாம்பல் நிறச் சிலிக்கான் பசை ஒரு பட்டையாக உரிந்து வந்தது. மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்த ஓரிங் என்ற ரப்பர் வளையம், குறுக்குவெட்டில் உருண்டையாக இருப்பதற்குப் பதிலாகத் தட்டையாக நசுங்கி, ரப்பர் என்றே சொல்ல முடியாதபடி கெட்டியாகியிருந்தது. விரலால் வளைத்தார், கண்ணாடி வளையல் ஒடிவதுபோல் ஒடிந்தது. முழு கேஸ்கட் செட் மாற்றியதாகப் பில் கொடுத்த பட்டறை, கசிவுக்கு மூலகாரணமான அந்த ஒரே ஒரு ஓரிங்கை மாற்றாமல் அதன்மேல் பசையைப் பூசி அனுப்பியிருந்தது.

"தம்பி, இந்த நட்டைக் கொஞ்சம் பாருங்க" என்று ஹெட்டைச் சிலிண்டரோடு பிணைக்கும் நட்டுகளைக் காட்டினார். "இதுல ஸ்பானர் பட்டு வருஷக்கணக்குல ஆகியிருக்கும்." நட்டுகளின் முனைகளில் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது, ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டில் பழைய தூசி இறுகிப் படிந்திருந்தது. இருந்தாலும் அதை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, பிஸ்டனின் தலையைக் கைபேசித் திரையில் காட்டினார். தடித்த கரி அடுக்கு. சில நூறு கிலோமீட்டர்கூட ஓடாத புதிய பிஸ்டனில் இவ்வளவு கரி படியாது. ரீபோர் செய்த சிலிண்டரில் போடும் பிஸ்டன் அளவில் சற்றுப் பெரியது, 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று அதன் கூடுதல் அளவைப் பெரும்பாலும் தலையிலேயே பொறித்திருப்பார்கள். என்னுடையதில், ஒரு ஓரத்தில் கரியைச் சுரண்டிப் பார்த்தும், அப்படி எந்த எண்ணும் இல்லை. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் கீறல்களும் இல்லை.

டேப்பட்டைப் பார்த்தபோதுதான் புதிய கோளாறின் காரணம் தெரிந்தது. வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மிகச் சிறியது. இத்தகைய என்ஜின்களில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும், சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் கொடுக்கப்பட்டிருக்கும். என்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, ஃபீலர் கேஜ் என்ற, வெவ்வேறு தடிமன் கொண்ட அளவுத் தகடுகளை நுழைத்து அளக்க வேண்டும். அவரிடமிருந்த மிக மெல்லிய தகடுகூட எக்ஸாஸ்ட் வால்வின் பக்கம் நுழையவில்லை. சத்தத்தை அமுக்குவதற்காக டேப்பட்டை முழுவதும் இறுக்கிவிட்டிருந்தார்கள்.

இது வெறும் ஏமாற்று அல்ல, வண்டியைக் கொல்லும் வேலை. டேப்பட் சற்றுத் தளர்வாக இருந்தால் சத்தம் வரும், காது எச்சரிக்கும். இறுக்கமாக இருந்தால் என்ஜின் அமைதியாக இருக்கும், ஆனால் சூட்டில் நீளும் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அந்த இருக்கை வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. அமராத வால்வின் விளிம்பைத் தாண்டி எரியும் வாயு பாய்ந்து, விளிம்பையே தின்றுவிடும். சூடானபின் ஐடில் நிற்காததும் ஸ்டார்ட் ஆகாததும் கம்ப்ரஷன் அந்த வழியாக ஒழுகியதால்தான். இன்னும் சிறிது காலம் அப்படியே ஓட்டியிருந்தால் ஹெட்டை உண்மையாகவே இறக்க வேண்டியிருந்திருக்கும், அப்போது அதே பட்டறைக்காரர் நான் அன்றே சொன்னேனே என்று சொல்லியிருப்பார்.

ஆயிலிலும் கைவைத்திருந்தார்கள். கையேடு சொல்லும் 10டபிள்யூ 30 தர ஆயிலுக்குப் பதிலாகக் கெட்டியான 20டபிள்யூ 50 ஊற்றியிருந்தார்கள். கெட்டி ஆயில் தேய்மானச் சத்தத்தைக் கொஞ்சம் மந்தமாக்கும், கசிவின் வேகத்தையும் குறைக்கும்; நோய் அப்படியே இருக்கும். குளிர்ந்த என்ஜினில் அது ஹெட் வரை ஏறுவதற்குக் கூடுதல் நேரமும் எடுக்கும். ஆயிலை வடித்து வலை வடிகட்டியைக் கழற்றியபோது, அதில் அதே சாம்பல் நிறப் பசையின் நூல் போன்ற துணுக்குகள் சிக்கியிருந்தன. மூடியின் உட்பக்கம் பிதுங்கிய பசைதான் உதிர்ந்து அங்கே வந்திருந்தது. வலை அடைபட்டால் பம்ப்புக்கு ஆயில் போகாது. அதன் பிறகு கேம்ஷாஃப்டுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சில இணைப்புகளில் மெல்லிய பூச்சாகப் பசை போட வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள், அதில் குறையில்லை. ஓரிங் இருக்க வேண்டிய இடத்தில் பசையைக் கொட்டுவதுதான் குற்றம்.

சத்தத்துக்கு வருவோம். மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் பெண்ட் பைப் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஒரு பக்கத்தில் குமிழ்கள் கிளம்பின. சைலன்சரின் வாயை ஈரத் துணியால் ஒரு நொடி மூடியபோது 'டிக் டிக்' பலமடங்கு கூடியது. பைப்பைக் கழற்றியதும், ஹெட்டில் புகை வெளியேறும் போர்ட்டின் ஓரத்தில் விசிறிபோல் கரி படிந்த தடம். டேப்பட் சத்தத்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்வதற்குக் காரணம் உண்டு: கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போதுதான் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, எக்ஸாஸ்ட் வால்வும் அந்த ஒரு முறைதான் திறக்கிறது. ஆகவே இரண்டு சத்தங்களின் தாளமும் ஒன்றே. காதை மட்டும் நம்பினால் தவறும். சோப்புத் தண்ணீர் தவறாது. ஓரிங், எக்ஸாஸ்ட் கேஸ்கட், டேப்பட் சரிசெய்தல், சரியான ஆயில், இவ்வளவுதான் மொத்த வேலை. டேப்பட்டைச் சரிசெய்தபின் கம்ப்ரஷனை அளந்தார். கையேட்டில் கொடுத்த வரம்புக்குள் இருந்தது. பழைய பட்டறை 'போய்விட்டது' என்று சொன்ன போர், ஆரோக்கியமாகவே இருந்தது.

உங்கள் வண்டியின் கோளாறு வேறாக இருக்கலாம் என்பதால், பெரிய செலவாக மாற்றிச் சொல்லப்படும் வேறு சிலவற்றையும் குறிப்பிடுகிறேன். நியூட்ரலில் நிற்கும்போது கிளட்ச்சை விட்டால் வரும் கடகடப்பு, கிளட்ச் லீவரைப் பிடித்தவுடன் நின்றுவிட்டால், கிளட்ச் பகுதியையோ கியர்பாக்ஸின் உள்ளீட்டுப் பேரிங்கையோ முதலில் பார்க்க வேண்டும். அதைக் கிராங்க் பேரிங் என்று சொல்லி என்ஜினைப் பிரிப்பது முறையல்ல. கிளட்ச்சைப் பிடித்து, என்ஜினை ஐடிலுக்கு இறக்கி, வண்டியை உருளவிட்டாலும் சத்தம் சக்கரத்தின் வேகத்தையே பின்பற்றினால், காரணம் பெரும்பாலும் செயினிலோ சக்கரப் பேரிங்கிலோ பிரேக்கிலோ இருக்கும். சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து சலசலக்கும் சத்தத்துக்குக் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் காரணமாக இருக்கலாம். முன் ஸ்ப்ராக்கெட் மூடியின் அடியில் தெரியும் கறுப்புப் பிசுக்கு பலமுறை செயினுக்கு அடித்த மசகு எண்ணெய் தெறித்ததுதான். துடைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும். கியர் லீவர் தண்டின் சீலையும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் மாற்றுவது சிறிய வேலை. பல சீல்கள் ஒரே சமயத்தில் கசிய ஆரம்பித்தால், ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா, உள் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் சீல்களை மாற்றுவதில் பயனில்லை, உள்ளே ஏறும் அழுத்தம் புதிய சீல்களையும் தள்ளிவிடும். ஆழத்திலிருந்து, பளு ஏறும்போது, கனமான 'தொம் தொம்' வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம், அந்த வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுவதே நல்லது. முன் ஃபோர்க்கில் கசிவென்றாலும் தள்ளிப்போடக் கூடாது, அந்த ஆயில் பிரேக் பேடில் இறங்கலாம்.

போர் தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், நீலப்புகை வருகிறதா, ஆயில் அளவு குறைகிறதா, கம்ப்ரஷன் எவ்வளவு என்று கேளுங்கள். கம்ப்ரஷன் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாகச் சிறிதளவு ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்: எண் நன்றாக ஏறினால் ரிங்கிலோ போரிலோ தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன், சிலிண்டரை, உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜில் அளந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும், பழைய பாகங்கள் அனைத்தும் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். வண்டியை விடும்போது ஹெட் நட்டுகளையும் சிலிண்டர் இணைப்புக் கோட்டையும் கிட்டத்தில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நேர்மையான மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அந்த மூத்தவரிடம் இவற்றை நான் கேட்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

படங்களையும் ஒடிந்த ஓரிங்கையும் எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். லேத்தின் ரசீதைக் காட்டச் சொன்னேன், இல்லை என்றார்கள். பையன்கள் ஏதோ மாற்றிச் செய்துவிட்டார்கள், வண்டியை விட்டுப்போங்கள், இலவசமாகவே பார்த்துத் தருகிறோம் என்றார் பொறுப்பாளர். பணத்தைப் பற்றிய பேச்சுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்போடு எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.

இதேபோல் பசை பூசி அனுப்பப்பட்ட வண்டி உங்களிடம் இருந்தால், அதை நீண்ட தூரம் ஓட்டுவதற்கு முன் ஆயிலை வடித்து, வலை வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், கூடவே டேப்பட் இடைவெளியை உங்கள் கண்முன்னால் அளக்கச் சொல்லுங்கள். பசைத் துணுக்குகள் இருந்தால் அவற்றைத் துடைப்பதற்கு முன்பே படமெடுத்துவிட வேண்டும். ஒருமுறை கழுவிவிட்டால் பிறகு காட்டுவதற்கு எதுவும் இருக்காது.